ஆளுக்கொரு துண்டு: நெல்லைச் சீமைத் தெரு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

சட்டைப்பையில் கிடந்ததை முதலில் பார்த்தது அக்காதான். வாய்க்காலில் துணி அலசும்போது தம்பியின் பள்ளிச் சீருடையிலிருந்து விரல்நுனி அளவில் இரண்டு வெள்ளைப் பொட்டலங்கள் ஊறி வெளியே வந்தன. உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே அடக்கிக்கொள்ளும் புகையிலைப் பை அது. பையன்கள் அதற்குச் சொல்லும் பெயர் எனக்குத் தெரியும். இங்கே எழுதி அதற்கு விளம்பரம் தேடித்தர மனமில்லை. அக்கா அவற்றைத் தண்ணீரோடு விட்டுவிட்டாள். அம்மாவிடம் சொன்னால் அடி விழும், அடி விழுந்தால் அவன் வீட்டைவிட்டுப் போவான், போனால் பழி தன் தலையில் விழும் என்று அந்தப் பதினேழு வயதுப் பெண் கணக்குப் போட்டிருக்கிறாள்.

ஆச்சிக்கு வேறொன்று தெரியும். பேரன் ஒருநாள் சாயங்காலம் பானையில் பாதியைக் காலி செய்கிறான், மறுநாள் ஒரு வாய் தொடுவதில்லை, கண் இரண்டும் கோவைப்பழமாகக் கிடக்கிறது. உடம்புச் சூடு என்று தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டாள். பள்ளிக்கு முந்தின நிறுத்தத்திலேயே வாரத்தில் இரண்டு நாள் அவன் இறங்கிவிடுவது மினி பஸ் நடத்துநருக்குத் தெரியும். ‘வயிற்றுவலி’ என்று வரும் விடுப்புக் கடிதத்தில் இருப்பது தாயின் கையெழுத்து அல்ல என்பது வகுப்பாசிரியைக்குத் தெரியும். ஐந்து ரூபாய்க்கு மிட்டாய் வாங்கிய பையன் இப்போது ஐம்பது ரூபாய்த் தாளோடு வருகிறான் என்பது பெட்டிக்கடை அண்ணாச்சிக்குத் தெரியும். அம்மா பீடி சுற்றுகிறவள். கடையில் இலையும் தூளும் எடை போட்டுத்தான் தருவார்கள். டப்பாவில் தூள் குறைவது அவளுக்குத் தெரிந்திருந்தது. எலியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். எலி புகையிலை தின்னாது என்பதும் அவளுக்குத் தெரியும்.

ஆறு பேரிடம் ஆறு துண்டுகள் இருந்தன. அவை ஒரு இடத்தில் சேர எட்டு மாதம் ஆயிற்று. அந்த எட்டு மாதத்தில் பையன் புகையிலையிலிருந்து கஞ்சாவுக்குப் போயிருந்தான்.

நான் சமூகப் பணியாளர். தாமிரபரணிப் பாசனத்தில் இருக்கும் அந்த ஊருக்கு ஒரு ஆவணி மாதத்தில் போனேன். அடுத்த வைகாசி வரை வாரத்துக்கு இரண்டு நாளாவது அங்கே இருந்தேன். ஊர்ப் பெயரையும் ஆட்களின் பெயரையும் எழுதப்போவதில்லை. அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு இப்படிப்பட்ட பிள்ளைகளின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடத் தடை விதிக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் எழுதமாட்டேன். நானும் ஒரு பீடித் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்தவள்தான்.

நாலரையிலிருந்து எட்டு வரை

வீட்டில் ஐந்து பேர். அப்பா கேரளத்தில் கட்டட வேலை. மாதத்துக்கு ஒருமுறை வருவார், வந்தால் இரண்டு நாள் இருப்பார், அதில் ஒரு நாள் டாஸ்மாக்கோடு போய்விடும். அம்மா விடிந்ததும் இலை வெட்டத் தொடங்கினால் ஆயிரம் பீடிக்கு ராத்திரி ஆகிவிடும். மேலப்பாளையம், முக்கூடல் என்று இந்தப் பக்கத்தில் எத்தனையோ வீடுகளை இந்த ஆயிரம்தான் தாங்குகிறது. கூலிக் கணக்கே ஆயிரத்துக்கு இவ்வளவு என்பதுதான். சாயங்காலம் கட்டுகளைக் கொண்டுபோய்க் கடையில் கொடுக்கவேண்டும். ‘சரியா மடக்கல’ என்று கழித்துப் போட்டால் அங்கேயே நின்று மன்றாடவேண்டும். அவள் திரும்பி வர ஏழரை, எட்டு ஆகும். பள்ளி விடுவது நாலரைக்கு.

அந்த மூன்றரை மணி நேரத்தில் பையன் எங்கே இருந்தான் என்று நான் கேட்டபோது அம்மா, “தெருவுலதாம்மா இருப்பான்” என்றாள். தெருவில் எங்கே, யாரோடு என்று கேட்டதற்கு அவளிடம் பதில் இல்லை. இதை அவள்மேல் குற்றமாகச் சொல்லவில்லை. அவள் வயதில் தெரு என்றால் சித்தி, பெரியம்மை, மதினி என்று நாற்பது கண்கள். இப்போது அந்தக் கண்கள் பாதி திருப்பூரிலும் மும்பையிலும் இருக்கின்றன. மீதி தட்டின்மேல் குனிந்திருக்கின்றன.

பையன் இருந்தது கால்வாய்க் கரையில், பழைய பம்ப்செட் அறைக்குப் பின்னால். அவனோடு ஏழெட்டுப் பேர். அதில் இரண்டு பேர் படிப்பை விட்டுவிட்டு மரம் ஏற்றும் வண்டிக்குப் போகும் இருபது வயதுக்காரர்கள். முதல் புகையிலைப் பை பதின்மூன்று வயதில், இவர்கள் கையால், இலவசமாக. முதல் பீர் அடுத்த வருஷம் கொடை என்று நாங்கள் சொல்லும் கோயில் திருவிழாவில், சொந்தத் தாய்மாமன் கையால், ‘பெரிய மனுசன் ஆயிட்டாம்லா’ என்ற சிரிப்போடு. கஞ்சா அதற்குப் பிறகுதான். இந்த வரிசையை நான் வேறு ஊர்களிலும் கேட்டிருக்கிறேன். முதல் இரண்டு படியிலும் கொடுத்தவர் அந்நியர் அல்ல. தெரிந்தவர், பெரும்பாலும் பிரியமானவர்.

வயதைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். முன்யோசனைக்கும் அடக்கத்துக்கும் பொறுப்பான மூளையின் முன்பகுதி முழுதாக முதிர்வதற்கு இருபத்தைந்து வயதை ஒட்டி ஆகிவிடுகிறது. சுகத்தைத் தேடும் பகுதி அதற்கு வெகு முன்பே வேகம் எடுத்துவிடுகிறது. பதின்மூன்றில் தொடங்கியவனுக்கும் இருபத்தொன்றில் தொடங்கியவனுக்கும் பழக்கம் பிடிக்கும் வேகம் ஒன்றல்ல. அதனால் ஒரு வருஷம் தள்ளிப்போட முடிந்தால்கூட அது பெரிய காரியம். ‘எப்படியும் ஒருநாள் தொடத்தான் போறான்’ என்று மாமன்மார் சொல்லும்போது எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

நான் முதலில் செய்த தவறு

ஜூன் 26, போதை ஒழிப்பு நாள் வந்தால் பேரணி, பதாகை, உறுதிமொழி. எனக்கும் அந்தப் பழக்கம் ஒட்டியிருந்தது. ஊருக்குப் போன இரண்டாவது வாரமே பள்ளியில் ஒரு கூட்டம் வைத்தேன். வாய்ப்புற்றுநோய்ப் படங்களைக் காட்டினேன். எந்தெந்தப் பொருள் எப்படி வருகிறது என்று பட்டியல் போட்டேன். குடியை விட்ட ஒருவரை அழைத்துவந்து அழவைத்தேன். பிள்ளைகளும் அழுதார்கள். கூட்டம் முடிந்ததும் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் என்னிடம் வந்து, நான் சொன்ன வலி மாத்திரையின் பெயரைத் திரும்பச் சொல்லச் சொன்னான். எழுதிக்கொள்ளக் கையில் பேனா வைத்திருந்தான்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஐ.நா. போதைப்பொருள் குற்றத் தடுப்பு அலுவலகமும் உலக சுகாதார நிறுவனமும் 2018-ல் சேர்ந்து வெளியிட்ட தடுப்புத் தர நெறிகளை மறுபடி எடுத்துப் படித்தேன். பயமுறுத்திச் சொற்பொழிவு செய்வதும், முன்பு பழக்கத்தில் இருந்தவர்களை மேடையேற்றிப் பேசவைப்பதும் பயன் தருவதில்லை, சில சமயம் எதிராகவே போகும் என்று அதில் இருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் செய்திருந்தேன். அதற்குப் பின் அந்த ஊரில் நான் மைக் பிடிக்கவில்லை.

தட்டுகள் கூடின இடம்

மத்தியானத்தில் பெண்கள் ஏழெட்டுப் பேர் ஒரு வேப்பமரத்தடித் திண்ணையில் தட்டோடு வந்து உட்கார்வார்கள். நான் அங்கே போய்ச் சேர்ந்தது போதை பேச அல்ல. பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் தொழிலாளர் நலத்துறை தரும் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பம் நிரப்பித் தரப் போனேன். பாதிப் பேருக்கு அடையாள அட்டை இருந்தும் விண்ணப்பித்ததில்லை. மூன்று வாரம் அதுதான் வேலை. நாலாவது வாரம் ஒரு பெரியம்மை தூளை அள்ளி இலையில் பரத்திக்கொண்டே சொன்னாள்:

“எம்மா, நாங்களே இந்தச் சவத்த மடியில வச்சுக்கிட்டு இருக்கோம். பிள்ளையள எந்த வாயால வையதுக்கு?”

யாரும் சிரிக்கவில்லை. கத்திரிச் சத்தம் நின்றுவிட்டது. இந்தச் சீமையில் இந்தப் பேச்சைத் தொடங்கவேண்டிய இடம் அதுதான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. சோறு போடும் புகையிலையையும் பிள்ளையைத் தின்னும் புகையிலையையும் ஒரே வீட்டில் வைத்திருப்பவளிடம் போய் ‘புகையிலை கெடுதல்’ என்று சொல்வது அவளை அவமானப்படுத்துவது. அவமானப்பட்டவள் வாயைத் திறக்கமாட்டாள்.

அன்று பேசியது தொழிலைப் பற்றி. பிள்ளைகளை நுனி மடக்க உட்கார்த்துவதை நிறுத்தலாமா? பிள்ளைகள் பள்ளிவிட்டு வருவதற்குள் தூள் டப்பாவை மூடிப் பரணில் ஏற்றிவிடலாமா? மாலைக் கட்டை ஒரே ஆள் சேர்த்துக் கொண்டுபோய்க் கடையில் கொடுத்தால் மற்றவர்கள் வீட்டில் இருக்கலாமே? கடைசி யோசனை என்னுடையது அல்ல. ஒரு இளம் மதினி சொன்னது. அதில் முதலில் பிணக்கும் வந்தது. ஒருத்தி கட்டு மற்றவள் கணக்கில் போய்விடுமோ என்ற சந்தேகம். ஆளுக்கொரு நிற நூலால் கட்டைச் சுற்றி அடையாளம் வைத்தார்கள். வாரத்தில் ஆறு நாளில் ஐந்து நாள் ஒவ்வொருத்தியும் ஐந்து மணிக்கு வீட்டில் இருக்கமுடிந்தது. இந்த ஆய்வில் ஒரே ஒரு மாற்றத்தைத்தான் சொல்லலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

பேச்சு பழகியபின்தான் துண்டுகள் வெளியே வந்தன. “ஏ மதினி, தப்பா எடுக்கப்படாது, ஒம் மவன் பம்ப்செட்டுப் பக்கம் நின்னத எங்க வீட்ல அவிய பாத்தாவளாம்” என்று ஒருத்தி சொன்னபோது அந்தத் தாய் எழுந்து போய்விட்டாள். இரண்டு நாள் திண்ணைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்தாள். “எலின்னு நெனச்சேன்” என்று மட்டும் சொன்னாள். பக்கத்தில் இருந்தவள் தட்டை இறக்கி வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதிலிருந்து ஒரு வழக்கம் வந்தது. யார் பிள்ளையைப் பற்றி யார் சொன்னாலும், கேட்கிற தாய் சண்டைக்குப் போவதில்லை. சொல்கிறவள் நாலு பேர் முன் சொல்வதில்லை. பிள்ளையை அடிப்பதில்லை. ராத்திரிச் சாப்பாட்டை டிவியை அணைத்துவிட்டு ஒன்றாகச் சாப்பிடுவது. இவற்றை நான் பலகையில் எழுதவில்லை. எழுதியிருந்தால் ஒருநாளில் அழிந்திருக்கும்.

அண்ணாச்சி

பெட்டிக்கடை பள்ளியிலிருந்து நூறு கெஜத்துக்குள் இருந்தது. 2003-ஆம் ஆண்டுப் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி அந்த எல்லைக்குள் எந்தப் புகையிலைப் பொருளும் விற்கக்கூடாது. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு எங்கேயும் விற்கக்கூடாது. சிறார் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவு இன்னும் கடுமை: ஒரு பிள்ளைக்கு மதுவோ, போதைப்பொருளோ, புகையிலையோ கொடுப்பவருக்கு ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. கொடையில் பீர் ஊற்றிக்கொடுத்த மாமனுக்கும் இது பொருந்தும். இதைச் சொன்னபோது திண்ணையில் உண்மையான திகைப்பு.

புகார் எழுதலாம் என்றேன். பெண்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அண்ணாச்சி அவர்களுக்குக் கடன் கொடுப்பவர். நள்ளிரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கதவு திறந்து மாத்திரை தருபவர். நாலு பேர் போய்ப் பேசினார்கள். அவர் முதலில், “நான் விக்கலன்னா அடுத்த கடையில வாங்கப் போறான்” என்றார். அடுத்த கடைக்கும் போவோம் என்றார்கள். போனார்கள். மூன்று கடையிலும் நிறுத்திவிட்டார்கள் என்று எழுத ஆசைதான். இரண்டில் நின்றது. மூன்றாவதில் மறைவாக நடந்து, பிறகு அதிகாரிகள் வந்து அள்ளிக்கொண்டு போனார்கள்.

கஞ்சா கடையில் வருவதல்ல, பைக்கில் வருவது. அதைப் பெண்கள் தாங்களே கையாளக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். போதைப்பொருள் பற்றிப் புகார் சொல்வதற்கான 10581 என்ற இலவச எண்ணுக்குத் தகவல் போயிற்று. யார் சொன்னார்கள் என்பது வெளியே வரவில்லை. தாய்க்கு இருந்த பெரிய பயம், ‘எம் பிள்ளையவும் சேத்துப் பிடிச்சிருவாவளே’ என்பது. சிறார் நீதி விதிகளின்படி, கொடுங்குற்றமாகவோ பெரியவர்களோடு சேர்ந்து செய்த குற்றமாகவோ இல்லாவிட்டால் சிறுவன்மேல் முதல் தகவல் அறிக்கை போடுவதில்லை. நாட்குறிப்பில் பதிந்து, சமூகப் பின்னணி அறிக்கையோடு சிறார் நீதிக் குழுமத்துக்கு அனுப்புவார்கள். தானாக முன்வந்து சிகிச்சை எடுப்பவருக்கு 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 64அ பிரிவும் பாதுகாப்புத் தருகிறது. இந்த இரண்டையும் நான் மூன்று தடவை சொல்லவேண்டியிருந்தது. பயத்தால் மூடிய கதவுக்குப் பின்னால் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்களோ.

பையன்

அவனைப் பற்றி இவ்வளவு எழுதியும் அவன் பேசியதை எழுதவில்லை. அவன் அதிகம் பேசவில்லை. முதல் மூன்று சந்திப்பில் ‘ம்’ மட்டும். நாலாவதில், கால்வாய்ப் படியில் உட்கார்ந்திருந்தபோது, “வீட்டுக்குப் போனா யாருமே இருக்க மாட்டாவ டீச்சர். அங்கன போனா எல்லாரும் இருப்பாவ” என்றான். நான் டீச்சர் இல்லை என்று அவனைத் திருத்தவில்லை.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு அம்மாவும் அக்காவும் கூட்டிப்போனார்கள். பீடி சுற்றுகிறவளுக்கு அது ஒருநாள் கூலி. அங்கே மருத்துவர் சொன்ன ஒரு விஷயம் அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றியது: கஞ்சாவை நிறுத்தினால் முதல் வாரத்தில் எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை உச்சத்துக்கு வரும், இரண்டு வாரத்தை ஒட்டி அடங்கும். சொல்லாமல் விட்டிருந்தால், ஐந்தாம் நாள் அவன் தட்டை எடுத்து வீசியபோது ‘பழையபடி ஆயிட்டான்’ என்று முடிவுகட்டியிருப்பார்கள். ஆச்சி சோற்றைப் பொறுக்கி எடுத்துவிட்டு, “பதினாலு நாளு சொன்னாவல்லா, இன்னைக்கு அஞ்சுதான்” என்று சொல்லி மறுபடி பிசைந்து வைத்தாள். எண்ணிக்கையை அவள்தான் வைத்திருந்தாள், சுவரில் கரிக்கோடு போட்டு.

அப்பாவிடம் போனில்தான் பேசினேன். முதலில் கத்தினார். பிறகு வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, வீட்டுக்கு வரும் இரண்டு நாளும் குடிக்கமாட்டேன் என்றார். பெரும்பாலும் காப்பாற்றினார்.

களம்

அறுவடைக்கு மட்டும் பயன்படும் களம் ஊர் நடுவே சும்மா கிடந்தது. கபடி இந்தப் பக்கத்துப் பையன்களுக்கு மூச்சு. அதனால் அங்கே கபடி. ஆனால் விளையாட்டு என்றாலே பாதுகாப்பு என்று நினைத்துவிடக்கூடாது. முதல் மாதம் சொல்லித்தர வந்த பழைய ஆட்டக்காரர் இருவர் ஆட்டம் முடிந்ததும் பெரிய பையன்களைப் பாட்டிலோடு உட்காரவைத்தார்கள். அவர்களை மரியாதையாக நிறுத்திவிட்டு, ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவரையும் இரண்டு தகப்பன்மாரையும் முறை வைத்து நிற்கச் சொன்னோம். ஐஸ்லாந்தில் இதை நாடு முழுக்கச் செய்து பார்த்திருக்கிறார்கள்: பெரியவர் மேற்பார்வையுள்ள மாலை விளையாட்டு, பெற்றோர் ஒருவருக்கொருவர் தொடர்பு, இரவில் பிள்ளை வீட்டில் இருக்கும் நேரக் கட்டுப்பாடு. முந்தின மாதத்தில் போதையேறக் குடித்ததாகச் சொன்ன 15–16 வயதினர் 1998-ல் 42 சதவீதம். 2016-ல் 5 சதவீதம். பனி நாட்டின் பணமும் வசதியும் நம் களத்தில் இல்லை. ஆனால் அங்கே வேலை செய்த மூன்றும் நம் ஊர்களில் ஒரு தலைமுறைக்கு முன் கூலி இல்லாமல் நடந்தவை.

அக்டோபர் 2 கிராம சபையில் பெண்கள் எழுந்து கால்வாய்க் கரைக்கு விளக்கு கேட்டார்கள். தீர்மானம் ஆயிற்று. தை மாதம் விளக்கு வந்தது.

கொடை

பையன் கஞ்சாவை விட்டு ஐந்து மாதம் ஆகியிருந்தது. பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டான். சித்திரைக் கடைசியில் சுடலைமாடன் கொடை. வரிப் பிரிக்கும் கூட்டத்திலேயே பெண்கள் ஒன்று கேட்டு வாங்கியிருந்தார்கள்: பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட யாருக்கும் எந்தச் சொந்தக்காரரும் ஊற்றிக்கொடுக்கக்கூடாது, கொடுத்தால் அந்தத் தலைக்கட்டு அடுத்த வருஷம் முன்னால் நிற்கக்கூடாது. பையன்களுக்கு அன்னதானப் பந்தியில் பரிமாறும் பொறுப்பு. வில்லுப்பாட்டு முடியும்வரை எல்லாம் நன்றாகவே போனது. நள்ளிரவில், சாமக்கொடை நேரத்தில் அவனைக் காணவில்லை.

பம்ப்செட்டுக்குப் பின்னால்தான் இருந்தான். அந்த இருபது வயதுக்காரர்களில் ஒருவன் வெளியூரிலிருந்து வந்திருந்தான். ஒரே ஒரு தடவை என்றுதான் போயிருக்கிறான்.

வித்தியாசம் என்னவென்றால், அன்று ராத்திரி ஒரு மணிக்குள் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. அவனோடு பரிமாறிக்கொண்டிருந்த பையன் தன் தாயிடம் சொன்னான், அவள் மதினியிடம் சொன்னாள், அக்காவும் இன்னொரு பெரியம்மையும் போய்க் கூட்டிவந்தார்கள். முன்பு எட்டு மாதம் எடுத்த செய்தி இப்போது ஒரு மணி நேரத்தில் நடந்து வந்தது. யாரும் அடிக்கவில்லை. ஆச்சி சுவர்க் கோடுகளை அழிக்கவில்லை. பக்கத்தில் புதிதாக ஒன்று போட்டாள். அடுத்த திங்களன்று மறுபடி ஆஸ்பத்திரி.

வைகாசியில் முடிவு வந்தது. கணக்கில் தவறிவிட்டான், துணைத்தேர்வுக்குக் கட்டியிருக்கிறான். கஞ்சா இல்லை. புகையிலைப் பை இன்னும் வாரத்தில் ஓரிரு நாள் உண்டு என்று அவனே சொல்கிறான். அவன் சொல்கிறான் என்பதால் நம்புகிறேன்.

எழுதவேண்டிய ஒன்று பாக்கி. பம்ப்செட்டில் இருந்த ஏழெட்டுப் பேரில் மூன்று பேர் கால்வாய்க்கு அந்தப் பக்கத் தெரு. அது வேறு சாதித் தெரு. பிள்ளைகள் போதையில் ஒன்றாக உட்கார்ந்தார்கள். தாய்மார் திண்ணையில் ஒன்றாக உட்காரவில்லை. களத்துக்கும் அந்த மூன்று பேர் வரவில்லை, அல்லது வரவிடவில்லை. இதை நான் ஆவணியிலேயே பார்த்தேன். இந்தப் பக்க வேலை முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். அதில் ஒரு பையன் பங்குனியில் தேர்வு எழுதாமலே ஊரைவிட்டுப் போய்விட்டான். எங்கே என்று அவன் தாய்க்கும் சரியாகத் தெரியவில்லை.

போன வாரம் நூலால் கட்டுக்கு அடையாளம் வைக்கும் அந்த இளம் மதினி கேட்டாள்: “அந்தத் தெருவுலயும் பீடிதான சுத்துதாவ. அவிய கட்டையும் நாம சேத்துக் கொண்டு போனா என்ன?” திண்ணையில் இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மற்றவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. வியாழக்கிழமை அவளும் நானும் போகிறோம்.

இதைப் படிக்கிறவர் வீட்டில் இப்படி ஒரு துண்டு கையில் இருந்தால்: போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416, பிள்ளைகள் உதவிக்கு 1098. மூன்றுக்கும் கட்டணம் இல்லை.